பன்னிரண்டா, இருபத்துநாலா?

என் தம்பி ஜெகதீஸ்வரனுக்குப் பெண் தேடி நான் ஏறி இறங்கிய வீடுகளை வரிசையாக வைத்தால் சேந்தமங்கலத்திலிருந்து காங்கேயம் வரைக்கும் ஒரே தெருவாகப் போட்டுவிடலாம். பையனுக்குத் தோட்டம் இருக்கிறதா என்று கேட்பார்கள். இருக்கிறது என்றால், ஐயோ, தோட்டத்து வேலை எங்கள் பெண்ணுக்கு ஆகாது என்பார்கள். இல்லை என்று சொல்லிப் பார்த்தால், தோட்டம்கூட இல்லாமல் பெண் கேட்டு வந்துவிட்டீர்களா என்பார்கள். இப்படியே அவனுக்கு முப்பத்தொன்பது வயதாகிவிட்டது. முன்தலையில் வெளிச்சம் விழ ஆரம்பித்த பிறகுதான் ஜேடர்பாளையத்தில் தனப்பிரியா கிடைத்தாள். அந்தப் பெண்ணைக் கண்டுபிடித்தது நான். இதை நான் பல பேரிடம் சொல்லியிருக்கிறேன், இன்னும் சொல்வேன்.

எங்கள் கல்யாணங்களில் தாலி கட்டுவதற்கு முதல் நாள் இணைச்சீர் என்று ஒன்று நடக்கும். மாப்பிள்ளைக்குப் பக்கத்தில் அவனோடு பிறந்தவள் மூங்கில் பேழையை ஏந்தி நிற்பாள். அருமைக்காரர், அதாவது எங்கள் சீர்களையெல்லாம் நடத்தி வைக்கிற பெரியவர், முறைப்படி செய்து முடிப்பார். உடன்பிறந்தவள் இல்லாவிட்டாலோ வரமுடியாமல் போனாலோ பங்காளி வீட்டுப் பெண் ஒருத்தி நிற்கலாம், தப்பில்லை. அந்தத் தப்பில்லையில்தான் எனக்கு ஆபத்து இருந்தது.

ஏனென்றால் என் சித்தப்பா மகள் ஷாலினி காலையிலேயே ஜேடர்பாளையம் மண்டபத்துக்குப் போய் இறங்கிவிட்டாள். போனவள் சும்மா போகாமல் ஒரு பேழையையும் கையோடு கொண்டு போயிருக்கிறாள். "எதுக்கும் இருக்கட்டுமுன்னு எடுத்தாந்தேன்க்கா. நீ நேரத்துக்கு வந்துட்டா நல்லதுதான்" என்று போனில் சொன்னாள். நான் வந்தால் நல்லது என்றால், வராவிட்டால் இன்னும் நல்லது என்று அர்த்தம். நாற்பத்திரண்டு வயதில் எனக்கு இதுகூடவா புரியாது.

அருமைக்காரர் தங்கசாமி ஐயாவுக்கு அன்றைக்கே மோகனூரில் இன்னொரு கல்யாணம். பொழுது இறங்குவதற்குள் எங்கள் சீரை முடித்துவிட்டுக் கிளம்ப வேண்டும் என்று முன்பே சொல்லிவிட்டார். அதனால் மத்தியானச் சாப்பாடு முடிந்த கையோடு நாங்கள் புறப்பட்டிருக்க வேண்டும். நான் புறப்பட்டுவிட்டேன். இளம்பிள்ளைக்குப் போய் எடுத்த மாம்பழக் கலர் பட்டு, தலை நிறையப் பூ, மஞ்சள் துணி போட்டு மூடிய பேழை எல்லாம் தயார். புறப்படாதது என் வீட்டுக்காரர் சென்னிமலை.

அவர் எதிர்த் தோட்டத்தில் டிராக்டருக்கு உயிர் கொடுத்துக்கொண்டிருந்தார்.

இவர் இருபது வருஷம் லாரி ஓட்டியவர். இப்போது ஒரு லாரிக்கு முதலாளி. போன பொங்கலுக்கு ஆன்லைனில் ஒரு ஜம்ப் ஸ்டார்ட்டர் வாங்கினார். செங்கல் அளவுக்கு ஒரு கறுப்புப் பெட்டி, அதிலிருந்து சிவப்பும் கறுப்புமாக இரண்டு ஒயர், ஒயர் முனையில் முதலை வாய் மாதிரிக் கிளிப். எந்த வண்டி பேட்டரி இறங்கி நின்றாலும் இந்தப் பெட்டியை மாட்டிச் சாவியைத் திருப்பினால் எழுந்துவிடும். வாங்கிய நாளிலிருந்து இவர் நடையே மாறிவிட்டது. தெருவில் யார் வண்டியாவது காலையில் இருமினால் போதும், காபியைப் பாதியில் வைத்துவிட்டுப் பெட்டியோடு ஓடுவார். கூப்பிடக்கூட வேண்டியதில்லை. பக்கத்து வீட்டு ஆசிரியை தன் பேட்டரி ஸ்கூட்டரைக் கொண்டுவந்தபோது மட்டும் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். "அது வேற ஜாதி கரண்டுங்க டீச்சர், அதுல நம்ம பொட்டியக் கொண்டுபோயி வைக்கக்கூடாது" என்று கம்பெனிக்கு அனுப்பிவிட்டார்.

பெட்டியின் தலையில் ஒரு ஸ்விட்ச் உண்டு. ஒரு பக்கம் தள்ளினால் பன்னிரண்டு, பச்சை விளக்கு எரியும். கார், டிராக்டர், ஜீப் எல்லாம் அதில்தான். இன்னொரு பக்கம் தள்ளினால் இருபத்துநாலு, சிவப்பு விளக்கு. அது லாரிக்கும் பஸ்ஸுக்கும். லாரியில் இரண்டு பேட்டரியைக் கோர்த்து இருபத்துநாலாக வைத்திருப்பார்களாம். இருபத்துநாலு வண்டிக்குப் பன்னிரண்டைக் கொடுத்தால் அசையாது, அதோடு போயிற்று. பன்னிரண்டு வண்டிக்கு இருபத்துநாலைக் கொடுத்தால் காருக்குள் இருக்கிற கம்ப்யூட்டரெல்லாம் வெந்துவிடும், பேட்டரி வெடித்தாலும் வெடிக்கும். இதையெல்லாம் நான் விரும்பித் தெரிந்துகொள்ளவில்லை. சோறு போடும்போது எதிரே உட்கார்ந்து சொல்லுகிற மனிதரிடமிருந்து எங்கே தப்பிப் போவது.

இவருக்கு ஒரு பழக்கம். லாரியைப் பின்னால் எடுக்கும்போது கிளீனர் கீழே நின்று வரலாம் வரலாம் என்று சொல்லச் சொல்லத்தான் எடுப்பார்கள் அல்லவா. குரல் நின்றால் வண்டி நின்றுவிடும். அதே பழக்கத்தைப் பெட்டிக்கும் கொண்டுவந்துவிட்டார். ஸ்விட்சைத் தள்ளிவிட்டுத் தானே பார்த்துக்கொண்டால் போதாது, பக்கத்தில் யாராவது பார்த்து வாய்விட்டுச் சொல்ல வேண்டும். "தள்ளுனவனுக்கு அவன் தப்பு தெரியாது. வேற ஒரு கண்ணு பாக்கோணும்" என்பார். அந்த வேற ஒரு கண் பெரும்பாலும் என்னுடையது. அடுப்படியில் தாளித்துக்கொண்டிருப்பேன், வாசலிலிருந்து "எத்தன செல்வி?" என்று சத்தம் வரும். கரண்டியோடு போய்ப் பார்த்துப் பச்சை, பன்னெண்டு என்று சொல்லிவிட்டு வருவேன். உலகத்தில் எந்தப் பெண்டாட்டிக்கும் இப்படி ஒரு வேலை இருக்காது.

அன்றைக்கும் எதிர்த் தோட்டத்திலிருந்து குரல் வந்தது. பட்டுச்சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வேலியோரம் போய் எட்டிப் பார்த்தேன்.

"பச்சை. பன்னெண்டு. கெளம்பலாமுங்களா, இல்ல அந்த டிராக்டருலயே நம்மள ஏத்தீட்டுப் போயிருவீங்களா?"

"ரெண்டே நிமிசம் செல்வி."

டிராக்டர் எழுந்தது. இவர் கறுப்புக் கிளிப்பை முதலில் எடுத்து, பிறகு சிவப்பை எடுத்து, இரண்டும் ஒன்றோடொன்று முட்டிக்கொள்ளாமல் சுருட்டி, குழந்தையைத் தூக்கி வருவது போல் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தார். அப்புறம் அதே பெட்டியை எங்கள் காருக்கும் மாட்ட வேண்டியிருந்தது. கார் பேட்டரி காலமாகிவிட்டது, மாற்றுங்கள் என்று மெக்கானிக் தீபாவளிக்கே சொல்லிவிட்டார். "அதான் பொட்டி இருக்குதில்ல" என்று இவர் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தார். மறுபடியும் எத்தன செல்வி, மறுபடியும் பன்னெண்டு. கார் கிளம்பியபோது பெட்டியில் சார்ஜ் காட்ட நாலு கோடு இருந்த இடத்தில் மூன்றுதான் இருந்தது. அதை அப்போது நாங்கள் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

நாமக்கல் தாண்டி, பரமத்தி தாண்டி, கபிலர்மலையும் தாண்டிய பிறகு எனக்கு மூச்சு வந்தது. வெயில் மஞ்சளாக மாறத் தொடங்கியிருந்தது, ஆனாலும் நேரம் இருந்தது. ஷாலினியின் பேழை மூலையில் கிடந்து தூசி படியட்டும் என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டேன். அடுத்த வளைவில் ஒரு ரிக் வண்டி ரோட்டை அடைத்துக்கொண்டு நின்றது.

போர் போடுகிற வண்டிதான். ஒரு தென்னந்தோப்பில் வேலையை முடித்துவிட்டு வெளியே வந்திருக்கிறது. பாதி உடம்பு தோப்புக்குள்ளும் மூஞ்சி ரோட்டின் குறுக்கேயும் இருக்க, அப்படியே நின்றுவிட்டது. பைக்குகள் மட்டும் ஓரமாக நுழைந்து போய்க்கொண்டிருந்தன. பாறை மாவு படிந்து வெள்ளை வெளேரென்று நாலைந்து பேர் கீழே நின்றார்கள். டிரைவர் தலையைச் சொறிந்துகொண்டிருந்தார். பெயர் மாதேஸ்வரன் என்று பிறகு தெரிந்தது.

இவர் முகத்தைப் பார்த்தேன். அந்த முகம் மலர்ந்துவிட்டது.

"ஏனுங்க, திருப்புங்க. பின்னால போயி வேற பக்கமாச் சுத்திப் போயிரலாம்."

"சுத்திப் போறதுக்குள்ள இத எழுப்பிரலாம் செல்வி. பேட்டரிதான், பாத்தாலே தெரியுது. நீ உள்ளயே இரு, சேலையில மாவு பட்டுரும்."

டீசல் வீணாகக்கூடாது என்று எஞ்சினை நிறுத்திவிட்டு, எனக்குப் புழுங்கக்கூடாது என்று சாவியைத் திருப்பி ஃபேனை மட்டும் ஓடவிட்டுப் போனார். அக்கறையான மனிதர்தான், அதில் குறை சொல்ல மாட்டேன். நானும் போனைச் சார்ஜில் போட்டேன். செத்த பேட்டரியை இரண்டு பேரும் சேர்ந்து உறிஞ்சிக்கொண்டிருக்கிறோம் என்று யாருக்கும் தோன்றவில்லை.

ரிக் வண்டியின் பேட்டரி மூடியைத் திறந்தவுடன் இவர் டிரைவரைப் பிடித்துக்கொண்டார்.

"இதென்னங்க, ஒரு பேட்டரியில மட்டும் ஒயர் எடுத்திருக்கறீங்க?"

"பாட்டுப் பொட்டிக்குங்கண்ணா. அது பன்னெண்டுதான் தாங்கும். அதான் ஒண்ணுலேர்ந்து மட்டும் எடுத்திருக்குது. மத்தியானம் தோப்புல நல்ல தண்ணி வந்திருச்சுங்க, அந்தச் சந்தோசத்துல கொஞ்சம் பாட்டுக் கேட்டோம்."

"எத்தன நேரம்?"

"சோறாக்கித் தின்னு முடிக்கற வரைக்குமுங்க."

"ரெண்டு மாட்டப் பூட்டி ஒரு மாட்டுக்கு மட்டும் தண்ணி காட்டாம ஓட்டுனா வண்டி போவுமா? ஒண்ணு நல்லா இருக்குது, ஒண்ணு படுத்திருச்சு. ரெண்டையும் சேத்துத்தான வண்டி எந்திரிக்கோணும்?"

"எல்லா லாரியிலயும் அப்படித்தானுங்கண்ணா எடுக்கறாங்க."

"அதான் எல்லா லாரியும் ரோட்டுல நிக்குது. இருவத்தினாலப் பன்னெண்டாக்கிக் குடுக்கறதுக்குன்னு ஒரு கன்வெர்ட்டர் விக்குதப்பா, அத வாங்கி மாட்டு."

பாட்டுப் பெட்டி ஒயரைக் கழற்றிவிட்டு, ஸ்விட்சை அந்தப் பக்கம் தள்ளிவிட்டு, அங்கிருந்தே பெட்டியைத் தூக்கிக் காட்டினார். "எத்தன செல்வி?"

ரிக் ஆட்கள் எல்லோரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள். பட்டுச்சேலை கட்டி, பூ வைத்து, காருக்குள் அம்மன் மாதிரி உட்கார்ந்திருக்கிற ஒருத்தியிடம் பேட்டரிக் கணக்குக் கேட்டால் யார்தான் பார்க்கமாட்டார்கள். கண்ணாடியை இறக்கினேன். "செவப்பு. இருவத்தினாலு."

முதல் முறை வண்டி உறுமிவிட்டுப் படுத்துக்கொண்டது. உடனே இன்னொரு தடவை அடித்திருந்தால்கூட எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். இவர் செய்யவில்லை. பெட்டி சூடாகிவிட்டது, ஆறட்டும் என்று தென்னை நிழலில் வைத்துவிட்டு நின்றார். ரிக்காரர்களும் சுற்றி நின்றார்கள். எல்லோரும் ஒரு செங்கல் ஆறுவதைப் பார்த்துக்கொண்டிருக்க, வெயில் தென்னை மரங்களின் இடுப்புக்கு இறங்கிவிட்டது. நான் ஃபேனை இன்னும் கொஞ்சம் கூட்டி வைத்தேன். கோபத்தில் எனக்கு அதிகம் புழுங்கும்.

இரண்டாம் முறை ரிக் வண்டி கறுப்பாகப் புகையைக் கக்கிக்கொண்டு எழுந்தது. ஆட்கள் கையைத் தட்டினார்கள். வண்டி ஓரமாக ஒதுங்கி வழிவிட்டது. "கொஞ்ச தூரம் ஓடிப் பேட்டரி ஏறற வரைக்கும் எங்கீமே எஞ்சின நிறுத்திப்போடாத" என்று மாதேஸ்வரனிடம் சொல்லிவிட்டு இவர் வெற்றி வீரராக வந்து காரில் உட்கார்ந்து சாவியைத் திருப்பினார்.

டிக் என்றது. அவ்வளவுதான். ஃபேன் மெல்லச் சுற்றி நின்றது.

அந்த நிமிஷம் போன் அடித்தது. ஷாலினி, வீடியோ காலில். அவளும் பட்டுக் கட்டியிருந்தாள். அவள் இடுப்பில் அவள் பேழை இருந்தது. பின்னால் என் தம்பி மேடையில் மாலையோடு உட்கார்ந்திருந்தான். "அக்கா, எங்க இருக்கறீங்க? அய்யா மோகனூருக்குப் போவோணுமுன்னு துண்ட ஒதறித் தோள்ல போட்டுட்டாரு. என்னைய வந்து நில்லுங்கறாரு. நான் என்னக்கா பண்ணட்டும்?"

என்ன பண்ணட்டும் என்று கேட்கிற முகமா அது. நான் காரிலிருந்து இறங்கிவிட்டேன். "இந்தா வந்துட்டோம், பக்கத்துலதான் இருக்கறோம். அய்யாகிட்டச் சொல்லு" என்று அவளிடம் ஒரு பக்கம் பேசிக்கொண்டே, "சீக்கிரமுங்க, சீக்கிரமுங்க" என்று இவரை இன்னொரு பக்கம் விரட்டினேன். பன்னிரண்டு ஜாதகம் பொருந்தாமல் போனபோதுகூட எனக்கு அப்படிப் பதறியதில்லை. எத்தனை வருஷம் அலைந்திருக்கிறேன். கடைசியில் அவன் பக்கத்தில் நிற்கப்போவது ஷாலினியா?

இவர் பானெட்டைத் திறந்து, பெட்டியை ஓரத்தில் வைத்து, சிவப்புக் கிளிப்பைப் பேட்டரியில் மாட்டினார். கறுப்புக் கிளிப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, அதை மாட்ட எஞ்சின் பக்கம் இரும்பு தேடினார். "எத்தன செல்வி?"

"பன்னெண்டு, பன்னெண்டு" என்றேன். கண் போனில் இருந்தது. அருமைக்காரர் தங்கசாமி ஐயா எழுந்து நிற்பது தெரிந்தது.

இவர் குனிந்தார். ஷாலினியின் படம் சிக்னல் இல்லாமல் உறைந்து நின்றது. எரிச்சலோடு தலையைத் தூக்கினேன். இவர் கல்யாணத்துக்கென்று புதிதாகத் தைத்த வெள்ளைச் சட்டை போட்டிருந்தார். அந்தச் சட்டையில், வயிற்றுக்குப் பக்கத்தில், குங்குமம் கொட்டினாற்போல் ஒரு சிவப்பு.

பெட்டியின் விளக்கு சட்டையில் அடித்துக்கொண்டிருந்தது. ரிக் வண்டிக்குத் தள்ளிய ஸ்விட்ச், தள்ளியபடியே இருபத்துநாலில் இருந்தது.

போனைக் கீழே போட்டுவிட்டு இவர் மணிக்கட்டைப் பிடித்துவிட்டேன். கறுப்புக் கிளிப்புக்கும் இரும்புக்கும் நடுவே விரல் நுழைகிற இடம்தான் இருந்தது.

"என்ன செல்வி?"

"செவப்புங்க."

இவர் பெட்டியைப் பார்த்தார். சிவப்புக் கிளிப்பை மெல்லக் கழற்றினார். பிறகு காரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். சத்தம் போடுவார் என்று காத்திருந்தேன். சத்தம் போட்டிருந்தால் நானும் நாலு வார்த்தை போட்டிருப்பேன், சரியாகப் போயிருக்கும்.

"நீ பன்னெண்டுன்னு சொன்னியே" என்றார்.

"சொன்னேன். பாக்கல."

"நீ சொல்லீட்டா அப்பறம் நான் திரும்பிப் பாக்கறதில்ல செல்வி. லாரியிலயும் அப்படித்தான். குரல் வந்துச்சுன்னா எடுத்துருவேன்."

எனக்கு என்னவோ போல் ஆகிவிட்டது. இந்த மனிதர் நான் சொல்லுகிற எதையும் காதில் போட்டுக்கொள்வதில்லை என்றுதான் இத்தனை வருஷமாக ஊரெல்லாம் சொல்லித் திரிகிறேன். பேட்டரி மாற்றச் சொன்னதைக் கேட்கவில்லை, திரும்பிப் போகச் சொன்னதைக் கேட்கவில்லை. ஆனால் அடுப்படியிலிருந்து சலிப்போடு நான் கத்துகிற அந்த ஒரு வார்த்தையை நம்பி, நெருப்புக்குப் பக்கத்தில் கையைக் கொண்டுபோகிறார். அந்த வார்த்தையைத்தான் நான் பார்க்காமல் சொன்னேன். பேட்டரி வெடித்திருந்தால் இவர் முகம் அதற்கு நேரே இருந்தது. எனக்கு அழுகை வந்தது. அழுதால் மை கரையும் என்று அடக்கிக்கொண்டேன்.

ஸ்விட்சைப் பன்னிரண்டுக்குத் தள்ளினார். இந்த முறை நான் குனிந்து, மூக்கு இடிக்கிற அளவுக்குப் பக்கத்தில் போய்ப் பார்த்து, பச்சை என்றேன். எல்லாம் முறைப்படி மாட்டிச் சாவியைத் திருப்பினார். பெட்டியில் மிச்சமிருந்த ஒரே கோடு இரண்டு தடவை கண் சிமிட்டிவிட்டு அணைந்துபோனது. மத்தியானத்திலிருந்து எல்லோருக்கும் உயிர் கொடுத்துக் கொடுத்து அதன் உயிர் போய்விட்டது.

ரிக் டிரைவர் மாதேஸ்வரன் இதையெல்லாம் பார்த்துக்கொண்டே நின்றவர், தன் வண்டியிலிருந்து தடியாக ஒரு கேபிளை இழுத்துக்கொண்டு வந்தார். "நம்ம வண்டி ஓடிட்டுத்தானுங்கண்ணா இருக்குது. இதுலேர்ந்து ஒரு இழுப்பு இழுத்துக்கலாமுங்க."

"அது இருவத்தினாலப்பா."

"ரெண்டுல ஒண்ணுலேர்ந்து மட்டும் எடுத்துக்கலாமுங்களே."

"பாட்டுக்கு எடுத்த மாதிரியா?" என்றார் இவர். மாதேஸ்வரன் கேபிளைச் சுருட்டிக்கொண்டார். "வேண்டாஞ் சாமி. அவசரத்துல எதையாச்சும் எதுலயாச்சும் மாட்டி, இப்பத்தான் ஒண்ணு தப்பிச்சுது" என்றார் இவர் மறுபடியும்.

மாதேஸ்வரன் என்னைப் பார்த்தார், என் சேலையைப் பார்த்தார், காருக்குள் இருந்த பேழையைப் பார்த்தார். அவரும் எங்கள் பக்கத்துக்காரர்தான். "இணைச்சீருங்களாக்கா?" என்று கேட்டார். ஆமாம் என்று தலையை ஆட்டினேன். வாய் திறந்தால் அழுதுவிடுவேன். "எந்த ஊருங்க?"

"ஜேடர்பாளையம்" என்றார் இவர்.

"நாங்களும் அந்தப் பக்கந்தானுங்க போறோம். ஏறுங்க."

கார் தோப்புக்குள் தள்ளிவிடப்பட்டது. ரிக் ஆட்கள் பின்னால் ஏறிக்கொண்டு கேபினை எங்களுக்குக் கொடுத்தார்கள். ஒருவர் தன் தலைத்துண்டை உதறிச் சீட்டின் மேல் விரித்தார். ஏறுகிற படி என் இடுப்பு உயரத்துக்கு இருந்தது. பட்டுச்சேலையோடு நான் அதில் எப்படி ஏறினேன் என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. இவர் பேழையையும் பெட்டியையும் தூக்கிக்கொண்டு பின்னாலேயே ஏறினார். மேலே உட்கார்ந்ததும் உலகம் கீழே போய்விட்டது. தென்னையோலையெல்லாம் கண்ணுக்கு நேராக வந்தது. சொன்னால் வெட்கம், அந்த அவசரத்திலும் எனக்கு அது பிடித்திருந்தது. ராணி மாதிரி இருந்தது.

மண்டபத்து வாசலில் ரிக் வண்டி போய் நின்றபோது நாதஸ்வரக்காரர்களே வாசிப்பை நிறுத்திவிட்டார்கள். எஞ்சினை நிறுத்தக்கூடாது என்பதால் வண்டி உறுமிக்கொண்டே நின்றது. பெண்ணின் தகப்பனார் பந்தலிலிருந்து பதறி ஓடிவந்தார். மண்டபத்தில் தண்ணீர் குறைவு என்று மத்தியானம் யாரோ முணுமுணுத்திருக்கிறார்கள். "இப்பவே போர் போட்டே ஆவோணுமுங்களா? தண்ணிக்கு எங்கீங்க பாயிண்டு பாத்தீங்க?" என்று மாதேஸ்வரனிடம் கேட்டுக்கொண்டிருக்கும்போதே, மேலேயிருந்து மாம்பழக் கலர் பட்டு ஒன்று இறங்கியது. மனிதர் அப்படியே கைகூப்பிவிட்டார்.

நான் மேடையைப் பார்த்தேன். ஷாலினி என் தம்பிக்குப் பக்கத்தில் பேழையோடு நின்றுகொண்டிருந்தாள். தங்கசாமி ஐயா கையில் அரிசியை எடுத்துவிட்டார்.

"அக்கா வந்துட்டாங்கய்யா" என்றான் ஜெகதீஸ்வரன். முப்பத்தொன்பது வயது மாப்பிள்ளை, குரல் பள்ளிக்கூடத்துப் பையன் மாதிரி வந்தது. நான் மேடை ஏறியதும் காதோரம் சொன்னான். "இன்னொரு செத்த நேரம் பாக்கலாமுங்கய்யான்னு சொல்லிச் சொல்லி எனக்கு நாக்கே வறண்டு போச்சுக்கா."

ஷாலினி ஒதுங்கி நின்றாள். முகம் கொஞ்சம் வாடித்தான் இருந்தது. பொய் சொல்லமாட்டேன், எனக்கு அதில் சந்தோஷம். ஆனாலும் என் பூ சரிந்திருந்ததை அவள்தான் சரியாகச் செருகிவிட்டாள். இவர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு பேழையைத் தூக்கி வந்து என் காலடியில் வைத்துவிட்டுக் கீழே போய் நின்றுகொண்டார். புதுச்சட்டை முழுக்கப் பாறை மாவு.

"பேழையில எல்லாஞ் சரியா இருக்குதா அம்மிணி? தூக்கலாமா?" என்றார் தங்கசாமி ஐயா.

இருக்குதுங்க என்று சொல்ல வாய் திறந்துவிட்டது. எல்லாவற்றையும் என் கையாலேயே அடுக்கியவள் நான். அவருக்கும் அவசரம், பொழுதும் மண்டபத்துச் சுவருக்குக் கீழே போய்க்கொண்டிருந்தது. ஆனால் தோப்பு ஓரத்தில் சட்டைமேல் பார்த்த அந்தச் சிவப்பு நினைவுக்கு வந்தது. வாயை மூடிக்கொண்டு குனிந்து மஞ்சள் துணியை விலக்கினேன்.

தேங்காய்க்கும் வெற்றிலைக்கும் நடுவே, மஞ்சள் கிழங்கின் மேல் தலை வைத்து, சிவப்பு வாலையும் கறுப்பு வாலையும் சுருட்டிக்கொண்டு ஜம்ப் ஸ்டார்ட்டர் படுத்திருந்தது.

தங்கசாமி ஐயா எட்டிப் பார்த்தார். எத்தனையோ கல்யாணம் நடத்தி வைத்தவர். "இதென்ன சீருங்க அம்மிணி? நான் பாத்ததில்லயே" என்றார். முதலில் சிரித்தது என் தம்பி. அப்புறம் மேடை சிரித்தது, பந்தல் சிரித்தது. நான் நிமிர்ந்து இவரைத் தேடினேன். தூணுக்குப் பாதி மறைந்து நின்றுகொண்டிருந்தார்.

"கிளிப்புல கிரீஸ் இருந்துச்சு செல்வி. உன்ற சேலையில பட்டுருமேன்னு" என்றார்.

எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். அதற்குப் பதிலாக அந்த மாவு பிடித்த முகத்தின் மேல் அன்பு பொங்கிக்கொண்டு வந்தது. என்ன செய்வது, இருபது வருஷம் ஆகிவிட்டது. பெட்டியைப் பேழையிலிருந்து எடுத்தேன். அதைக் கீழே கொடுத்துவிட்டுச் சீரைத் தொடங்க வேண்டியதுதான் பாக்கி. எல்லோரும் காத்திருந்தார்கள். கொடுக்கப் போனவள், கையை நிறுத்தி, அதன் தலையிலிருந்த ஸ்விட்சைப் பார்த்தேன். பேட்டரி தீர்ந்து விளக்கு அணைந்திருந்தாலும் எந்தப் பக்கம் தள்ளியிருக்கிறது என்பது கண்ணுக்குத் தெரியும்.

"எத்தன செல்வி?" என்றார் இவர், மெல்ல.

"பன்னெண்டுங்க" என்றேன். "பாத்துட்டுத்தான் சொல்றேன்."